உங்களுக்குத் தெரியுமா? கொல்லையில் விறகு, அடுப்படியில் கேஸ்

★ மார்கழியில் கடற்கரைப் பக்கத்தைவிட அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் குளிர் ஒரு பிடி கூடத்தான். "போன மாசம்தானே சிலிண்டர் மாத்தினோம்" என்ற புலம்பலும் அப்போதுதான் கேட்கும். பழி சாம்பார் மேல் விழும், தின்பதோ வெந்நீர். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற 300 கிலோகலோரி வேண்டும். கேஸ் அடுப்பில் வைத்தால் சுமார் 45 கிராம் கேஸ். நாலு பேர், ஆளுக்கொரு வாளி, 30 நாள் என்று போட்டால் ஐந்தரை கிலோவை நெருங்கும். 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குளித்தே தீர்த்துவிடுகிறோம்!

★ திருமுல்லைவாயலில் என் அத்தை வீட்டுக் கொல்லையில் இன்னும் செம்பு பாய்லர்தான். நடுவில் ஒரு குழாய், அதற்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். தேங்காய் மட்டை, சுள்ளி, கொஞ்சம் கரி போதும். எவர்சில்வரைவிடச் செம்பு இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் வேடிக்கை அந்தப் புனலில்தான் இருக்கிறது. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைப் புனலில் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வந்து விழும். புனலின் குழாய் அடிவரை போவதால் குளிர்ந்த தண்ணீர் கீழே தங்கி, சூடானதை மேலே தள்ளுகிறது. சின்ன வயதில் இதை மந்திரம் என்றே நினைத்திருந்தேன். குளிர் நாடுகளில் விறகு அடுப்பையும் கேஸ் பாய்லரையும் ஒரே பெரிய தண்ணீர்த் தொட்டியில் இணைத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். அந்தத் தொட்டி வேலை செய்வதும் இதே கணக்கில்தான்: சூடு மேலே, குளிர் கீழே.

★ விறகையும் கேஸையும் அப்படி ஒரே தொட்டியில் இணைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேஸை ஒரு திருகில் நிறுத்தலாம். விறகு நம் சொல் கேட்காது. தண்ணீர் போதும் என்றானபிறகும் கங்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் விறகுச் சூடு ஏறும் தொட்டிக்கு ஆவி வெளியேற வழி கட்டாயம். நம் செம்பு பாய்லரின் மூடி லொடலொடவென்று ஆடுவதும் நல்லதற்கே. ஆவி போகிறதே என்று ஈரத்துணி சுற்றி இறுக்கிவிடாதீர்கள்.

★ 1923ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேதான் சூடாகிறது என்றால் சட்டத்தின் கண்ணில் அது பாய்லரே இல்லை. அத்தைக்கு இன்ஸ்பெக்டர் பயம் வேண்டாம்.

★ ஒரு நெருப்பில் இரண்டு வேலை நமக்குப் புதிதல்ல. மண் அடுப்பின் பக்கத்தில் இன்னொரு வாய் இருக்குமே, கொடியடுப்பு! பெரிய வாயில் சோறு கொதிக்க, மிச்சச் சூட்டில் கொடியடுப்பில் வெந்நீர் காயும். அதற்கென்று தனியாக ஒரு சுள்ளிகூட வேண்டாம்.

★ விறகு, கேஸ் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் கண்டிப்பாக: கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு மூட்டவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிட கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து, தரையில் எரியும் விறகடுப்பைத் தேடிப் போகும். சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் இப்போது குழாயில் வரும் கேஸ் வேறு ரகம். அது மீத்தேன், காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் ஏறும்.

★ கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே நாற்றத்தைக் கலக்கிறார்கள். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்த உதவியும் இல்லை. கரி அடுப்பும் அப்படியே. இரண்டுக்கும் இடம் வெளியேதான்.

★ அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வாழ்பவர்களுக்கு: சரக்கு இறக்கிய பேலட் கட்டைகள் விறகாகக் கைக்கு வரும். எரிக்குமுன் கட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வந்ததென்றால் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும், பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. எச்.டி. என்றால் வெறும் சூடு காட்டியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை அடுப்பில் வைக்காதீர்கள்.