உயரம் முதலில் பறிப்பது

பூண்டுலோயாத் தேயிலைச் சரிவுகளில் ஏறியிறங்கிப் பழகிய எனக்கு, உயரம் என்றதும் மூச்சும் முழங்காலுமே நினைவுக்கு வரும். ஆயின் பேருயரம் தாக்குவது மூளையையே. உடலெடையில் ஐம்பதிலொரு பங்கேயான மூளை, உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கைச் செலவிடுகிறது.

மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். நம் நாட்டின் மிகவுயர்ந்த பீதுருதாலகால மலையே 2,524 மீட்டர்தான். ஆகவே தோட்டங்களில் அவ்வச்சமில்லை. 8,849 மீட்டர் உயர்ந்த எவரெஸ்ட் உச்சியிலோ, பிராணவாயுவின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றிலொன்றே. அங்கே பகுத்தறிவு தளரும். கொடுமை யாதெனில், தளர்ந்தவர் அதனை உணரார். 1875-இல் பலூனில் 8,000 மீட்டருக்கு மேலேறிய பிரெஞ்சுக்காரர் மூவருள் இருவர் மாண்டனர். உயிர்தப்பிய திசாந்தியே, அவ்வேளையில் துன்பமன்று, மகிழ்ச்சியே உணர்ந்ததாக எழுதினார்.

2016-இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். உடன் சென்ற யொஹான் பீரிஸ், ஏறக்குறைய 8,400 மீட்டரில் திரும்பினார். 2018-இல் மீண்டும் சென்று உச்சியை எட்டினார்.

அன்பர்களே, உச்சியருகே மனத்தின் தீர்ப்பை நம்பலாகாது. ஆதலின் திரும்பும் நேரத்தை, அறிவு தெளிந்திருக்கையில், கீழேயே குறித்துக்கொள்வது மலையேறுவோர் வழக்கம். அவ்வழக்கையே நான் பெரிதும் மதிக்கிறேன்.