உங்கள் கிரிப்டோ வொலட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன்னர் எனது நானாவின் மகன் கைத்தொலைபேசியுடன் வீட்டுக்கு வந்தான். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளை. "சாச்சா, என்ட வொலட்ல 1,840 டொலர் ஈக்கி. ஆனா எடுக்க ஏலாம ஈக்கி. இன்னும் கொஞ்சம் காசு போட்டாத்தான் தருவாங்களாம்" என்றான். ஒரு செயலியைத் திறந்து காட்டினான். பச்சை நிறத்தில் பெரிய இலக்கங்கள், அழகான வரைபுகள் எல்லாம் இருந்தன.

"சரி, இந்த வொலட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன். பாஸ்வேர்டைத்தான் கேட்கிறேன் என நினைத்து அதைச் சொல்லத் தொடங்கினான். நான் கேட்டது பாஸ்வேர்டை அல்ல. இந்த வேறுபாடு தெரியாததாலேயே எம்மவர்கள் பலர் பணத்தை இழக்கிறார்கள். அதை விளங்கப்படுத்த மிகச் சிறந்த வழி, ஒரு வொலட்டை அலங்காரம் எதுவுமின்றி, கட்டளை வரியில் நாமே உருவாக்கிப் பார்ப்பதுதான். அன்றிரவு அவனும் நானும் செய்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். யாரையும் கிரிப்டோ வாங்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. கிரிப்டோ நாணயங்கள் தொடர்பில் இலங்கை மத்திய வங்கி பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்துள்ளது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் விடுக்கப்பட்ட பணிப்புரையின்படி, கடன் அட்டை, பற்று அட்டை மூலம் அவற்றுக்குக் கொடுப்பனவு செய்யவும் அனுமதியில்லை. மார்க்க ரீதியான தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். நாம் செய்யப்போவது 'டெஸ்ட்நெட்' எனப்படும் பயிற்சி வலையமைப்பில். அங்குள்ள நாணயங்களுக்குப் பெறுமதி கிடையாது. ஒரு சதமும் செலவாகாது.

வொலட் என்றதும் பணப்பை நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரே பிழையானது என்பது எனது அபிப்பிராயம். வொலட்டுக்குள் நாணயம் எதுவும் இல்லை. பிட்கொயினின் கணக்குப் புத்தகம் உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு மிகப்பெரிய எண் மட்டுமே. அதுதான் இரகசியத் திறப்பு. அந்த எண்ணிலிருந்து கணித முறையில் ஒரு முகவரி பெறப்படுகிறது. முகவரியை யாருக்கும் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு திறப்பைக் கண்டுபிடிக்க முடியாது. திறப்பு யாரிடம் உள்ளதோ அவரே அந்தப் பணத்தை அனுப்ப முடியும். பாஸ்வேர்ட் என்பது வேறு. அது உங்கள் கணினியில் அல்லது ஒரு கம்பனியின் கணினியில் உள்ள கதவைத் திறப்பதற்கானது.

நாங்கள் தெரிவுசெய்தது எலெக்ட்ரம் என்ற மென்பொருள். 2011 முதல் பாவனையில் உள்ளது, இலவசம், மூலநிரல் பகிரங்கமானது. பிட்கொயின் கோர் என்ற பிரதான மென்பொருளும் உண்டு. ஆனால் அது முழுக் கணக்குப் புத்தகத்தையும் தரவிறக்கும். பல நூறு ஜிகாபைட்! எமது டேட்டா பெக்கேஜுக்கு அது சரிவராது.

தரவிறக்கும்போதே முதல் சோதனை வந்துவிடுகிறது. தேடுபொறியில் முதலாவதாக வரும் இணைப்பைச் சொடுக்காதீர்கள். விளம்பரம் கொடுத்து முதலிடம் பிடிக்கும் போலித் தளங்கள் உண்டு. உத்தியோகபூர்வ தளத்தின் பெயரை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மென்பொருளுடன் கையொப்பக் கோப்பு ஒன்றும் இருக்கும். இரண்டையும் எடுத்து, ஜிபிஜி என்ற கருவியின் 'வெரிஃபை' கட்டளையால் ஒப்பிட வேண்டும். 'குட் சிக்னேச்சர்' என வந்தால் அந்தக் கோப்பு குறித்த திறப்பினால் கையொப்பமிடப்பட்டது, இடையில் யாரும் மாற்றவில்லை என்று பொருள். 'பேட் சிக்னேச்சர்' என்றால் உடனே அழித்துவிடுங்கள். முதற்சொன்ன பதிலோடு, இந்தத் திறப்பு நம்பகமானவரால் உறுதிப்படுத்தப்படவில்லை என்றொரு எச்சரிக்கையும் வரும். மருமகன் அதைப் பார்த்துப் பயந்துவிட்டான். பயப்படத் தேவையில்லை. கையொப்பமிட்டவரின் திறப்பை நீங்கள் இன்னும் சொந்தமாக உறுதிசெய்யவில்லை என்பதே அதன் அர்த்தம். திறப்பின் கைரேகை இலக்கத்தை இரண்டு மூன்று வெவ்வேறு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று அவன் கேட்டான். 2018 டிசம்பரில் நடந்ததைச் சொன்னேன். சில மோசடிக்காரர்கள் எலெக்ட்ரம் இணையும் சேவையகங்களைப் போலத் தங்கள் சேவையகங்களை ஓடவிட்டார்கள். பாவனையாளர் பணம் அனுப்ப முயன்றதும், மென்பொருளின் திரையிலேயே, 'புதிய பதிப்பைத் தரவிறக்குங்கள்' என ஒரு செய்தி தோன்றியது. இணைப்பு போலியானது. சில நாட்களுக்குள் 200க்கும் மேற்பட்ட பிட்கொயின்கள் பறிபோயின. அந்தப் போலிக் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்திருந்தால், நிறுவ முன்னரே அகப்பட்டிருக்கும்.

இப்போது டெர்மினலைத் திறந்தோம். கறுப்புத் திரை, மின்னும் சிறு கோடு. கட்டளை நான்கு சொற்கள்தான். முதலில் எலெக்ட்ரம் என்ற பெயர், அடுத்து இரண்டு சிறுகோடுகளுடன் டெஸ்ட்நெட், பின்னர் கிரியேட், கடைசியில் மீண்டும் இரண்டு சிறுகோடுகளுடன் ஒஃப்லைன். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுத வேண்டும். வைஃபையை முன்னரே நிறுத்திவிட்டோம். வொலட் உருவாக்க இணையம் தேவையே இல்லை. அதைக் கேட்டு அவன் ஆச்சரியப்பட்டான். பதிவு செய்யவில்லை, மின்னஞ்சல் கொடுக்கவில்லை, அடையாள அட்டையைப் படம் பிடிக்கவில்லை. கடவுச்சொல் ஒன்றை மட்டும் கேட்டது. அது அந்தக் கணினியிலுள்ள கோப்பை மறைகுறியாக்குவதற்கு.

அடுத்த கணம் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் திரையில் வந்தன. அவையே எல்லாம். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எழுமாறாகத் தெரிவான சொற்கள். திறப்புகள் அனைத்தும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. 2,048ஐ பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண், ஐந்தைத் தொடர்ந்து 39 பூச்சியங்கள் போட்ட அளவு. ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

'எழுமாறாக' என்று சொன்னேனே, முழுப் பாதுகாப்பும் அந்த ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கிறது. கட்டளை வரி என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கும் கணினி தெரிந்த இளைஞர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். லிப்பிட்கொயின் எக்ஸ்ப்ளோரர் என்றொரு கட்டளை வரிக் கருவி உண்டு. பிட்கொயின் பற்றிய பிரபலமான பாடநூலொன்றிலும் அது உதாரணமாகக் காட்டப்பட்டிருந்தது. அதன் மூன்றாம் பதிப்பு வரிசையில் 'சீட்' என்ற கட்டளை, எழுமாற்று எண்ணை உருவாக்க கணினிக் கடிகாரத்தின் நேரத்தைப் பயன்படுத்தியது. அதிலும் 32 பிட் அளவு மட்டுமே. பார்வைக்கு இருபத்துநான்கு சொற்கள் நேர்த்தியாக வரும். ஆனால் உண்மையில் அந்தக் கருவியால் உருவாக்கக்கூடிய வொலட்டுகள் மொத்தம் சுமார் 429 கோடி மாத்திரமே. சாதாரண கேமிங் கணினி ஒன்று சில நாட்களில் அனைத்தையும் முயன்று பார்த்துவிடும். ஆயிரம் பற்கள் உள்ள பூட்டு என்று சொல்லி விற்றுவிட்டு, கடைக்காரர் பத்தே பத்துத் திறப்புகளைத் திரும்பத் திரும்ப வெட்டிக் கொடுத்தது போன்ற நிலை.

2023 ஜூலை 12இல் திருடர்கள் அந்த வொலட்டுகளை ஒரேயடியாகத் துடைத்தெடுத்தார்கள். இழப்பு ஒன்பது இலட்சம் டொலருக்கும் அதிகம். ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறைபாட்டுக்கு 'மில்க் ஸேட்' எனப் பெயரிட்டார்கள். கடிகார நேரம் பூச்சியமாக இருந்தால் அந்தக் கருவி தரும் முதலிரு சொற்கள் அவை. பாதிக்கப்பட்டவர் இணையமே இல்லாத கணினியில் வொலட்டை உருவாக்கி, சொற்களை இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தாலும் பலனில்லை. பிறக்கும்போதே அது பலவீனமாகப் பிறந்துவிட்டது. ஆகவே பலர் பார்த்து, பரிசோதித்து, நீண்டகாலம் பாவனையில் உள்ள கருவியையே தெரிவுசெய்யுங்கள். சொற்களை நீங்களே மனதில் நினைத்துத் தெரிவுசெய்யவும் வேண்டாம். மனிதர்கள் எழுமாறாகச் சிந்திப்பதில் மிகவும் மோசமானவர்கள்.

பன்னிரண்டு சொற்களையும் மருமகன் கொப்பியில் எழுதினான். இலக்கமிட்டு, ஒழுங்கு மாறாமல். கை தானாகவே கைத்தொலைபேசிக்குப் போனது, படம் பிடிக்க. தடுத்தேன். படம் பிடித்தால் அது தானாகவே க்ளவுட்டுக்குப் போய்விடும். தனக்குத் தானே வட்ஸ்அப் அனுப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் அப்படித்தான்.

பிறகு, பெரும்பாலானோர் செய்யத் தவறும் ஒன்றைச் செய்தோம். 'லிஸ்ட்அட்ரசஸ்' கட்டளை மூலம் முகவரிகளைப் பார்த்து முதலாவதைக் குறித்துக்கொண்டோம். பயிற்சி வலையமைப்பின் முகவரிகள் டிபி1 என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். பின்னர் வொலட் கோப்பையே அழித்தோம். 'ரீஸ்டோர்' கட்டளையால், கொப்பியைப் பார்த்து மீட்டெடுத்தோம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு சொற்களையும் கட்டளையோடு சேர்த்தே தட்டச்சு செய்தால், லினக்ஸ், மெக் கணினிகளில் டெர்மினல் அதைத் தனது வரலாற்றுக் கோப்பில் அப்படியே எழுதி வைத்துவிடும். பிறகு அந்தக் கணினியைத் திறக்கும் எவரும் வாசிக்கலாம். சொற்களுக்குப் பதிலாக ஒரு முக்காற்புள்ளியை மட்டும் இட்டால், எலெக்ட்ரம் தனியாகக் கேட்கும். நீங்கள் தட்டுவது திரையிலும் தெரியாது, வரலாற்றிலும் பதியாது. முதல் தடவை ஒரு சொல்லை எழுத்துப் பிழையாக எழுதியிருந்தான், ஏற்கவில்லை. இரண்டாம் தடவை அதே முதல் முகவரி திரும்ப வந்தது. கொப்பியில் இருப்பது சரி என்பது அப்போதுதான் நிச்சயம். உண்மையான பணத்தைப் போட்ட பிறகு இந்தப் பரிசோதனையைச் செய்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஏன் அந்த விஷப்பரீட்சை?

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மறந்தால் கிளைக்குப் போகலாம். இங்கே கிளையும் இல்லை, முகாமையாளரும் இல்லை. பிரித்தானியாவின் வேல்ஸில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பைக்குப் போனது. சுமார் 8,000 பிட்கொயின்களின் திறப்பு அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்காடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கை நிராகரித்தது. கணக்குப் புத்தகத்தில் நாணயங்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. எம் வீடுகளில் குப்பைமேட்டை விடக் கறையானும் வெள்ளமும்தான் அபாயம். இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகளில். ஒருவர் மௌத்தானால் வாரிசுகளுக்கு அந்தச் சொத்து இருப்பதாவது தெரிய வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது போல, காகிதம் எங்கே உள்ளது என்பதை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

அவனது செயலிக்குத் திரும்புவோம். பெரிய பரிவர்த்தனை நிறுவனங்களும் திறப்பைத் தம்மிடமே வைத்திருக்கின்றன. எனவே பன்னிரண்டு சொற்கள் தராத எல்லாமே மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே உங்களிடம் இருப்பது நாணயமல்ல, ஒரு கம்பனியின் வாக்குறுதி. எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் வங்குரோத்தானபோது அந்த வாக்குறுதியின் பெறுமதி தெரிந்தது. ஊர் பேர் தெரியாத செயலியில் அந்த வாக்குறுதிகூட இல்லை. திரையில் ஓர் இலக்கம் மட்டுமே. எடுப்பதற்கு மேலும் பணம் கேட்கிறார்கள் என்றால் ஒரு சதமும் போடாதீர்கள். இன்னொரு வகையும் உண்டு: 'இதோ பன்னிரண்டு சொற்கள், உள்ளே பணம் இருக்கிறது' என்று தயார்நிலையில் யாராவது அனுப்புவார்கள். அந்தச் சொற்கள் அனுப்பியவரிடமும் இருக்கும். நீங்கள் கட்டணமாகப் போடும் காசைத் தூக்கிக்கொண்டு போவார்.

இவற்றையெல்லாம் சொல்லி முடிக்கும்போது இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. மருமகன் அந்தச் செயலியின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சொற்களைத் தேடினான். செட்டிங்ஸில் பார்த்தான், புரொஃபைலில் பார்த்தான். கடைசியில் "சாச்சா, இதுல முகவரியே இல்லையே" என்றான். தன்னைச் சேர்த்துவிட்ட நண்பனுக்கு அழைப்பெடுத்தான். அவன் தன் உம்மாவின் நகையை அடகு வைத்துப் போட்டிருக்கிறானாம்.