இருண்ட நகரமும் தொலைக்காட்சிச் செய்தியும்

ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடினாலும் கடைமடையில் அடைப்பு நேர்ந்தால் பயிர் வாடிப்போகும். தொலைக்காட்சிச் செய்தியின் நிலையும் அத்தகையதே. செய்தி உருவாகும் நிலையம், அங்கிருந்து உயர்ந்த கோபுரத்திற்குச் செல்லும் இணைப்பு, கோபுரத்திலுள்ள ஒளிபரப்புக் கருவி, வீட்டிலுள்ள பெட்டி ஆகிய நான்கிற்கும் மின்சாரம் கிடைத்தால்தான் செய்தி மக்களைச் சென்றடையும். இவற்றுள் ஒன்று நின்றாலும் மற்ற மூன்றும் இயங்கிப் பயனில்லை. நியூயார்க் மாநகரம் கண்ட இரு பெரும் மின்தடைகள் இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றன.

1965: கோபுரம் ஓய்ந்தது

1965ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மாலை 5 மணி 16 நிமிடத்திற்கு, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், நயாகரா ஆற்றின் நீரால் இயங்கும் சர் ஆதம் பெக் மின் நிலையத்தில் ஒரு காப்புக் கருவி, டொராண்டோ நகரை நோக்கிச் செல்லும் மின்தடம் ஒன்றைத் துண்டித்தது. அத்தடத்தின் சுமை பிற தடங்களின்மேல் விழவே, அவையும் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. சிறிது நேரத்தில் நியூயார்க் வரை இருள் பரவிற்று. ஏறத்தாழ 80,000 சதுர மைல் பரப்பில், 3 கோடி மக்கள் விளக்கை இழந்தனர். சில இடங்களில் 13 மணி நேரம் வரை இந்நிலை நீடித்தது.

இருள் சூழ்வதற்குச் சற்று முன்பு, நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. வானொலியில் டான் இங்ரம் என்னும் அறிவிப்பாளர் இசை வழக்கத்தைவிட மெதுவாக ஒலிப்பதைக் கவனித்தார். அந்நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 60 சுழற்சிகள் கொண்டது. அச்சுழற்சி குறையக் குறைய, அதனையொட்டிச் சுழலும் மோட்டாரின் வேகமும் குறைந்தது. வரவிருந்த இருளின் அறிகுறி அவ்வாறு முதலில் காதுக்கு எட்டியது.

நகரத்தின் தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்தே ஒளிபரப்பி வந்தன. அங்கு மின்சாரம் நின்றதும் அவற்றுள் மிகுதியானவை ஓய்ந்தன. செய்தியாளர்கள் இருந்தனர், சொல்வதற்குச் செய்தியும் இருந்தது, அதனை அனுப்ப வழிதான் இல்லை. அவ்விரவில் மக்களுக்குக் கைகொடுத்தது பாட்டரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலியே. அவசர மின்சாரம் வைத்திருந்த வானொலி நிலையங்கள் நடந்ததை எடுத்துரைத்தன. பகைவரின் தாக்குதலாக இருக்குமோ என்று அஞ்சியவர்களின் மனக்கலக்கம் தணிய அக்குரல்கள் துணை செய்தன.

பாட்டரியும் டீசலும்

இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்ததே இன்றைய செய்தி நிலையங்களின் ஏற்பாடு. அதில் இரண்டு காவலர்கள் உண்டு. முதற்காவலர் பாட்டரித் தொகுதி. நகரத்திலிருந்து வரும் மின்சாரம் முதலில் இத்தொகுதியை நிரப்புகிறது. கருவிகளோ எப்பொழுதும் இத்தொகுதியின் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. எனவே வெளிமின்சாரம் நின்ற கணத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. படக்கருவியும் கணினியும் இமை கொட்டாமல் இயங்குகின்றன.

ஆயின் பாட்டரியின் ஆற்றல் சில நிமிடங்களுக்கே போதும். அதற்குள் இரண்டாம் காவலராகிய டீசல் ஜெனரேட்டர் எழுந்துவிட வேண்டும். மின்சாரம் நின்றதைத் தானியங்கி விசை உணர்ந்து இயந்திரத்தைக் கிளப்புகிறது. பெரும்பாலும் பத்து விநாடியளவில் அது சுமையை ஏற்றுக்கொள்ளும். பத்து விநாடிக்காகப் பாட்டரி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கணினிகள் ஒரு நொடி நின்றாலும் மீண்டும் முழுமையாக இயங்கப் பல நிமிடங்கள் பிடிக்கும் என்பதே விடை.

ஜெனரேட்டரின் ஆற்றலும் எல்லையுடையது. ஆகையால் எதற்கு மின்சாரம், எதற்கு இல்லை என்பது முன்னரே வரையறுக்கப்படுகிறது. கட்டுப்பாட்டு அறை, ஒரு படப்பிடிப்புக் கூடம், செய்திக் கணினிகள், அவற்றைக் குளிர்விக்கும் கருவிகள் ஆகியவை முதலிடம் பெறும். அலுவலக விளக்குகளும் பெரும்பாலான மின்தூக்கிகளும் அணைந்தே கிடக்கும். முற்காலத்தில் படப்பிடிப்பு விளக்குகளே பல கிலோவாட் மின்சாரத்தை விழுங்கின, இன்றைய எல்.இ.டி. விளக்குகள் அச்சுமையைப் பெரிதும் குறைத்துள்ளன. வெளியே செல்லும் ஒளிபரப்பு வண்டியும் தனக்கென ஒரு ஜெனரேட்டரைச் சுமந்து செல்வதால், நிலையமே செயலிழந்தாலும் தெருவிலிருந்து செய்தி அனுப்ப இயலும்.

இவ்வளவும் இருந்தும் ஏற்பாடு பொய்த்துப்போவதுண்டு. பழைய பாட்டரி, நாட்பட்ட டீசல், ஓட்டிப் பார்க்காத இயந்திரம் ஆகியவையே வழக்கமான காரணங்கள். அதனால்தான் குறித்த காலத்திற்கு ஒருமுறை ஜெனரேட்டரை உண்மையான சுமையோடு ஓட்டிச் சோதிக்கின்றனர்.

2003: கடைமடையின் இருள்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் மாலை 4 மணி 10 நிமிடத்திற்கு அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். ஒஹாயோ மாநிலத்தில் உயரழுத்தக் கம்பிகள் தொய்ந்து, வெட்டாமல் விடப்பட்ட மரங்களில் பட்டதே தொடக்கம். அங்குள்ள கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை தரும் கணினி பழுதுற்றிருந்ததால், நிலைமை முற்றும்வரை பணியாளர்கள் அதனை உணரவில்லை. நியூயார்க் நகரம் முழுவதும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 29 மணி நேரம் ஆயிற்று.

இம்முறை மிகுதியான தொலைக்காட்சி நிலையங்கள் ஜெனரேட்டர்களின் துணையால் ஒளிபரப்பைத் தொடர்ந்தன. சில மட்டுமே இடையில் ஓய்ந்தன. 1965இல் அறுந்த கண்ணி இப்போது பெரும்பாலும் அறவில்லை. ஆயினும் யாருடைய வீடு இருண்டதோ அவர்களால் அதனைக் காண இயலவில்லை. நாட்டின் மற்றப் பகுதிகளில் இருந்தோர் நியூயார்க்கின் இருளை வண்ணப்படமாகக் கண்டனர். நியூயார்க்வாசிகளோ, 38 ஆண்டுகளுக்கு முன் செய்தது போலவே, பாட்டரி வானொலியைச் சுற்றி நின்று கேட்டனர்.

பாட்டரியில் இயங்கும் சிறு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மட்டும் படத்தையும் பார்த்தனர். ஆனால் 2009ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தி முற்றிலும் எண்ணியல் முறைக்கு மாறியபோது, அத்தகைய பழைய பெட்டிகள் பயனற்றுப்போயின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அம்மாற்றம் 2019இல் நிறைவுற்றது. கைப்பேசி அக்குறையை ஓரளவு நிரப்புகிறது. எனினும் கைப்பேசிக் கோபுரங்களும் பாட்டரியை நம்பியே நிற்கின்றன. மின்தடை பல மணி நேரம் நீண்டால் அவையும் ஒவ்வொன்றாக அடங்கலாம்.

இதனை உணர்ந்த தொலைக்காட்சி நிலையங்கள், புயல், பெரும் மின்தடை போன்ற வேளைகளில் தங்கள் செய்தியின் ஒலியை வானொலி நிலையங்களுக்கு வழங்கும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளன. படம் சென்று சேராத வீட்டிற்குக் குரலாவது சென்று சேரட்டும் என்பதே அதன் நோக்கம். நிலையத்தின் விளக்கு அணையாமல் காப்பது பொறியாளரின் கடமை. அந்தச் செய்தி கடைமடைவரை பாய, இருண்ட வீட்டின் அலமாரியில் ஒரு சிறு வானொலியும் அதற்கேற்ற பாட்டரியும் இருந்தாக வேண்டும்.