குல்லா மாட்டும் குரங்குகள்!

குல்லா வியாபாரி கதை தெரியாத ஆள் நம்மூரில் உண்டா? மரத்தடியில் அசந்து தூங்கினான். மூட்டையில் இருந்த குல்லாய்களைக் குரங்குகள் அபேஸ் பண்ணின. கத்தினான், மிரட்டினான், வெறுத்துப் போய்த் தன் குல்லாயைக் கழற்றித் தரையில் எறிந்தான். குரங்குகளும் எறிந்தன. அவ்வளவுதான் கதை.

கடல் தாண்டியும் இதே கதைதான். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எஸ்பிர் ஸ்லோபோட்கினா என்ற அம்மணி, 1940-ல் இதைக் 'கேப்ஸ் ஃபார் சேல்' என்று படப் புத்தகமாகப் போட்டார். அவருடைய வியாபாரி மூட்டை கட்டுகிற ஜாதி இல்லை. மொத்தச் சரக்கும் தலைமேல்! அடியில் சொந்தக் கட்டம் போட்ட தொப்பி, அதற்கு மேல் சாம்பல், பழுப்பு, நீலம், உச்சியில் சிவப்பு. காலை பஸ்ஸில் ஒற்றைக் காலில் ஆபீஸ் போகிற நமக்கு அந்த பேலன்ஸின் அருமை புரியும்.

இந்தக் கதையை மரத்தில் செய்து சுவரில் மாட்டவேண்டிய அவசியம் எனக்கு மருங்காபுரியில் வந்தது. அங்கே என் அக்கா வீடு. மச்சானுக்கு சிங்கப்பூரில் வேலை. ஊருக்கு வருகிற யாராவது சிக்கினால், மகனுக்கு ஒரு தொப்பி கொடுத்தனுப்பிவிடுவார். ஐந்து சேர்ந்துவிட்டது. பையனுக்கு வயசும் ஐந்துதான். ஒன்றையும் போட்டுக்கொள்ள மாட்டான். ஐந்தையும் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொள்வான். காலையில் பார்த்தால் எல்லாம் அப்பளம்!

"கொடியில போட்டா அவனுக்கு எட்டல. ராத்திரி எந்திரிச்சு, எடுத்துக் குடுன்னு அழறாண்டா" என்றாள் அக்கா.

ஆக, அவன் கைக்கு எட்டவேண்டும். அதுதான் முதல் கண்டிஷன்.

ஜமீன் இருந்த ஊர். எத்தனையோ தலைப்பாகைகளைப் பார்த்த ஊரில் ஒரு தொப்பி ஸ்டாண்டுக்கு ஆசாரி கிடைக்காமல் போவாரா? கிடைத்தார். மூன்றடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு வேப்பம்பலகை. அதில் ஒரு கிளை, கிளையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து குரங்குகள். வால்தான் தொப்பி மாட்டும் கொக்கி.

"வாலையும் இதே பலகையில அறுத்துடலாமாண்ணே?"

"கூடாது தம்பி. மரத்துல ரேகை ஓடுது பாருங்க, வளைவா அறுத்தா குறுக்க வெட்டுப்படும். அந்த இடத்துல பட்டுனு போயிரும். பயலுவ புடிச்சுத் தொங்குவானுங்க. உண்டிவில்லுக்கு எந்த மரம் தேடுவீங்க?"

கொய்யா! வாலுக்கும் அதுவே. இயற்கையாகவே வளைந்த கொய்யாக் கிளைகளை நிழலில் காயவைத்துப் பரணில் போட்டிருந்தார். பச்சையாகச் செருகினால், காயக் காயச் சுருங்கித் துளைக்குள் லொடலொடக்குமாம். துளையையும் நேராகப் போடாமல் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் போட்டார். பெவிகால் தடவி, கொட்டாப்புளியால் நாலு தட்டு. அசையவில்லை. வால் நுனிகளை உப்புத்தாளால் கோலிக்குண்டு மாதிரி உருட்டிவிட்டார். கூராக இருந்தால் தொப்பியும் போகும், கண்ணும் போகும்.

நடுவில் பையன் ஒரு மனு போட்டான். "ஒரு தேவாங்கு வை மாமா." நியாயமான ஆசைதான். பக்கத்தில் அய்யலூர், கடவூர்க் காடுகள் தேவாங்குக்குப் பேர்போனவை. 2022-ல் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். ஆசாரி யோசித்தார். "அதுக்கு வாலே கிடையாதே சாமி, தொப்பிய எதுல மாட்டுறது?" மனு தள்ளுபடி.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் நான் கறார். அக்கா வீட்டுப் பரணில் எந்தக் காலத்திலோ கதவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட் அரை டப்பா இருந்தது. வேண்டாம் என்றேன். பழைய எனாமல்களில் ஈயம் இருக்கும். பிள்ளைகள் கையை வாயில் வைக்கும். ஈயம் மூளையைப் பாதிக்கும். வீட்டு பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. புது டப்பாவில் அதை அச்சடித்திருப்பார்கள். படித்துப் பார்த்து வாங்குங்கள், சார். இருபது ரூபாய் கூடக் கேட்டால் கொடுங்கள்.

மாட்டும் உயரம் இன்னொரு சூட்சுமம். எட்டவேண்டும் என்று மிகத் தாழ்வாக அடித்தால், கொக்கி பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும். பையனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். மூன்றரை அடி. கையைத் தூக்கச் சொன்னேன். நாலே கால். ஆக, தலைக்கு மேலே, விரல் நுனிக்குக் கீழே, நாலு அடியில் வால் வருகிற மாதிரி மாட்டினோம். சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டை செருகி, நாலு ஸ்குரூ. அதற்கப்புறம் ஆசாரி தன் முழு எடையையும் போட்டு ஒரு இழு இழுத்துப் பார்த்தார். குரங்குகள் அசரவில்லை.

அன்றைக்கு சாயங்காலமே வீடியோ காலில் மச்சானுக்குக் காட்டினாள் அக்கா. "இது போன தீபாவளிக்குக் குடுத்தனுப்பினது... இது சரவணன் கையில குடுத்தது..." என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் சிக்னல் சரியில்லை என்று கட் பண்ணிவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பையன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். முதல் தடவையாக! பிறகு கழற்றி, பலம் கொண்ட மட்டும் தரையில் எறிந்தான். இடுப்பில் கை வைத்து, குரங்குகளையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"மாமா, உன் குரங்குக்குக் கதையே தெரியல!"