கூடிய எண்ணும் குறைந்த ஓமோனும்

வைகாசி வெயிலில் வகுப்பறையே வெந்துகொண்டிருந்த ஒரு நண்பகல். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் சால்வையொன்றைப் போர்த்தியவாறு மேசைமீது தலைசாய்த்து உறங்கிவிட்டாள். முன்னர் வகுப்பில் முதலிடம் பெற்றுவந்தவள் அவள். சில மாதங்களாகப் புள்ளிகள் குறைந்தன, பேச்சு மந்தமாயிற்று, முகமும் சற்று ஊதியிருந்தது. "சோம்பலுக்கு மருந்தில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் நாம் கடிந்துரைத்தோம். அச்சொல் பிழையென்பதை ஒரு சிறு குப்பி இரத்தம் பின்னர் எமக்கு உணர்த்தியது.

சில வாரங்களின் பின் அவளுடைய தந்தையார் பரிசோதனைத் தாளுடன் எம்மிடம் வந்தார். "சேர், ஓமோன் கூடிப்போச்செண்டு தாளில கிடக்கு. பிறகேன் டொக்டர் ஓமோன் குளிசை தந்திருக்கிறார்? கூடினதை இன்னும் கூட்டலாமோ?" என்று கேட்டார். குளிசையை நிறுத்திவிடும்படி அயலவர் கூறியிருந்தனர். பட்டதாரி என்ற பெயர் இருந்தும் எமக்கு விடை தெரியவில்லை. இருவருமாக வைத்தியரிடம் சென்றோம். அன்று அவரிடம் கேட்டறிந்ததையும், அதன்பின் நூல்களிற் கற்றதையும் வாசகர் முன் வைக்கின்றோம்.

ஓமோன் என்பது ஓர் உறுப்பிலே சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பை ஏவும் தூதுப் பொருளாகும். இலண்டனில் பெய்லிஸ், ஸ்ரார்லிங் என்னும் இருவர் 1902ஆம் ஆண்டில் இத்தகைய பொருளொன்றை முதன்முதல் கண்டறிந்தனர். 'தூண்டுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓமோன்' என்னும் பெயரை 1905இல் ஸ்ரார்லிங் வழங்கினார்.

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. அது தரும் தைரொட்சின் என்னும் ஓமோனே உடலின் சூட்டையும் சுறுசுறுப்பையும் காக்கின்றது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இதனை மேற்பார்வை செய்கின்றது. அது அனுப்பும் ஏவல் ஓமோனையே பரிசோதனைத் தாள்கள் ரீ.எஸ்.எச். எனக் குறிக்கின்றன.

அடுக்களையிலிருந்து தாயொருத்தி மகனை அழைக்கின்றாள் எனக் கொள்வோம். முதற் குரலிலேயே அவன் வந்துவிட்டால் அவள் குரலை உயர்த்துவதில்லை. வராவிடின் குரல் ஓங்கும். பின்னும் வராவிடின் தெருவுக்கே கேட்கும். ரீ.எஸ்.எச். அத்தாயின் குரல், தைரொட்சின் மகனின் வரவு. சுரப்பி சோர்ந்து தைரொட்சின் குறையும்போது ரீ.எஸ்.எச். உயர்கின்றது. வளர்ந்தோர்க்கு இவ்வெண் பொதுவாக லீற்றருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இருத்தல் வழக்கம். எம் மாணவிக்கோ நாற்பதைத் தாண்டியிருந்தது. தந்தையார் கண்டது குரலின் உயர்வை. மகன் வராமையை அன்று. குளிசையை நிறுத்தியிருப்பின் அப்பிள்ளையின் நிலை மேலும் இழிந்திருக்கும்.

இவ்வோமோன்கள் இரத்தத்தில் மிக நுண்ணிய அளவினவே. நூறு மில்லிலீற்றர் இரத்த நீரில் தனித்துலவும் தைரொட்சின் ஏறக்குறைய ஒரு நனோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணளவை அளக்கும் வழியை நியூயோர்க்கில் றோசலின் யாலோ அம்மையாரும் சொலமன் பேர்சனும் 1950களின் பிற்பகுதியில் இன்சுலினைக் கொண்டு உருவாக்கினர். கதிர்வீசும் அயடீனால் அடையாளமிட்ட ஓமோனையும் நோயாளியின் ஓமோனையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடச் செய்து, அடையாளமிட்டது எவ்வளவு வெளியே தள்ளப்பட்டதென்பதைக் கொண்டு மற்றதை அவர்கள் கணக்கிட்டனர். பேர்சன் 1972இல் மறைந்தார்; அம்மையார் 1977இல் நோபல் பரிசு பெற்றார். இக்காலத்தில் பெரும்பாலும் கதிர்வீச்சுக்குப் பதிலாக ஒளியுமிழும் பொருள்கள் பயன்படுகின்றன.

எனினும், அளவு எத்துணை நுட்பமாயினும் எண் தானாகப் பேசாது. கோட்டிசோல் என்னும் ஓமோன் விடியற்காலையில் மிகுந்து நள்ளிரவில் குறையும்; ஆகவே இரத்தம் எடுத்த நேரம் தெரியாவிடின் அவ்வெண்ணாற் பயனில்லை. பெண்களுக்குரிய சில ஓமோன்கள் மாதத்தின் நாளுக்கு நாள் மாறுவன. கர்ப்பிணிகளுக்கு வேறு அளவு உண்டு. முடி வளர்ச்சிக்கென உண்ணும் பயோட்டின் விற்றமின் சில பரிசோதனைகளையே பிழையாக்க வல்லது. அதனை உண்போர் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். தைரொட்சின் குளிசை தொடங்கியபின் அடுத்த வாரமே மறுபரிசோதனைக்கு விரைவதும் வீண். இரத்தத்தில் அது பாதியாய்க் குறையவே ஏறக்குறைய ஏழு நாட்கள் செல்லுமாதலின், ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தே வைத்தியர் மீண்டும் அளப்பர்.

அயடீன் குறைவால் கழுத்துக்கழலை வருவதை நம் முதியோர் அறிவர். அதனைத் தடுக்கவே 1995 முதல் இலங்கையில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்த்தல் கட்டாயமாயிற்று. எம் மாணவியின் நோய்க்குக் காரணம் வேறு. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று தாக்கும் நோய் அது. யப்பானிய வைத்தியர் ஹஷிமொட்டோ 1912இல் விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நாள்தோறும் வெறுவயிற்றில் ஒரு சிறு குளிசை, வேறொன்றுமில்லை. மூன்றாம் மாதத்தில் சால்வை போயிற்று. ஆண்டிறுதியில் அவளுடைய புள்ளிகளும் மீண்டன. நாம் அவளை அழைத்து, அன்று சொன்ன சொல்லுக்காக வருந்துகின்றோம் என்றோம். "அப்ப எனக்கும் நான் சோம்பேறியெண்டுதான் நினைப்பு, சேர்" என்றாள் அவள்.

அம்மறுமொழியே எம்மை இன்றும் வருத்துகின்றது. பெற்றோரே, ஆசிரியரே, சுறுசுறுப்பான பிள்ளை காரணமின்றிச் சோர்ந்தால் கடிவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். தாள் கைக்கு வந்ததும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது குரலா, வரவா என்று கேட்டறியுங்கள்.