கத்தியோடு முடியாத தழும்பு

காது குத்திய இடத்திலோ, தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்திலோ, நெஞ்சில் வந்துபோன பருவின் மேலோ, புண் ஆறிய பின்னும் தழும்பு தடித்துக்கொண்டே போவதுண்டு. இதுவே கீலாய்டு. சாதாரணத் தடிப்புத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நின்றுவிடும். கீலாய்டோ எல்லை தாண்டி நல்ல தோலிலும் பரவும். நண்டின் கொடுக்கைப்போல் பக்கவாட்டில் நீள்வதால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர், கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். வெளிர்நிறத் தோலைவிடக் கருநிறத் தோலில் இது மிகுதி. புற்றுநோயன்று, தொற்றுநோயுமன்று, ஆயினும் அரிப்பும் வலியும் உறக்கத்தைக் கெடுக்கும்.

வெட்டி எடுத்தால் தீர்ந்தது என்று எண்ணிப் பணத்தையும் நம்பிக்கையையும் இழப்போர் பலர். தேவைக்கு மேல் கொலாஜன் என்னும் புரதத்தை உற்பத்தி செய்வது இத்தோலின் இயல்பு. அறுவையும் அதற்கு மற்றொரு காயமே. அறுவை மட்டும் செய்துகொண்டால், ஏறக்குறைய பாதிப்பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ தழும்பு திரும்புகிறது. சில வேளை முன்னதினும் பெரிதாக.

ஆகவே முதலில் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் பட்டை போன்றவற்றை முயல்வர். அவற்றுக்கு அடங்காவிடில் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை. தையலிட்டு ஓரிரு நாட்களுக்குள், பெரும்பாலும் 24 மணி நேரத்திலேயே, கதிர்வீச்சைத் தொடங்குவர். கொலாஜனைச் சுரக்கும் செல்கள் பெருகுமுன் தடுப்பதே நோக்கம். பொதுவாகச் சில தவணைகளில் முடிந்துவிடும். (தவணை என்றதும் கடன் நினைவுக்கு வருவது எம் தொழிற்பழக்கம், ஆனால் இத்தவணையைத் தள்ளிப்போட இயலாது.) தழும்பு திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், அறவே நீங்காது. காதுமடலைவிட நெஞ்சுப்பகுதி பிடிவாதமானது. தோல் கருக்கலாம். பிற்காலப் புற்றுநோய் அபாயம் மிகச் சிறிதெனினும் தைராய்டு, மார்பகம் ஆகியவற்றின் அருகே தனிக் கவனம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது; சிறுவர்களுக்குக் கூடியவரை தவிர்ப்பர்.

அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் வெவ்வேறு மருத்துவமனைகளில் இருக்கக்கூடும். கதிர்வீச்சுக்கு நாள் குறிக்காமல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளலாகாது என்பது என் துணிபு.

செலவைப் பற்றி ஒரு சொல். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பொதுவாக விலக்கு உண்டு; விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றின் பின்னான சீரமைப்புக்கும், உடனடி உடல்நலக் கேட்டை நீக்க மருத்துவர் அவசியமெனச் சான்றளிக்கும் சிகிச்சைக்கும் மட்டுமே விதிவிலக்கு. கீலாய்டு எப்பக்கம் சேரும் என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். ஆகவே வலி, அரிப்பு, அசைவுத்தடை ஆகியவற்றைக் குறிப்பிடும் மருத்துவர் கடிதத்துடன், அறுவைக்கு முன்பே எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்டுப் பெறுக. மருத்துவமனையில் தங்காமல் பெறும் கதிர்வீச்சுத் தவணைகளுக்கும் அப்பதில் பொருந்துமா என்பதைத் தனியே கேட்க வேண்டும்.