பதாகை இழுக்கும் விமானம்

2019 ஜூலை 6. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கோப்பை ஆட்டத்தில் மோதிக்கொண்டிருந்தன. அப்போது ஒரு குட்டி விமானம், காஷ்மீர் பற்றிய அரசியல் வாசகத்தை வாலில் கட்டி இழுத்தபடி மேலே பறந்தது. இந்திய கிரிக்கெட் வாரியம் கொதித்தது. மான்செஸ்டர் அரையிறுதியின்போது மைதானத்துக்கு மேல் விமானம் பறக்கவே தடை வந்தது. வாசகத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதை இழுத்துப் போகிறவரின் பாடு யாருக்கும் தோன்றவில்லை.

பதாகையோடு ஓடுபாதையில் ஓடினால் துணி தரையில் உரசிக் கிழியும், வேகமும் பிடிக்காது. அதனால் விமானம் வெறுமனே மேலேறும். பிறகு விமானி, கயிற்றில் கட்டிய கொக்கியை வெளியே விடுவார். அது வாலிலோ சக்கரத்திலோ சிக்கிக்கொண்டால் அதுவே முதல் கண்டம். கீழே புல்வெளியில் இரண்டு கம்புகளுக்கு நடுவே பதாகையின் கயிறு வளையமாகத் தொங்கும். தாழ்ந்து வரும் விமானி, கம்புகளைக் கடக்கும் நொடியில் மூக்கை விருட்டென்று தூக்கி எஞ்சினுக்கு முழு விசை கொடுப்பார். கொக்கி வளையத்தில் மாட்டியதும், தரையில் விரித்த எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்து எழும்.

பார்க்க அழகுதான். ஆனால் மூக்கு மேலே, வேகம் குறைவு, பின்னால் திடீர் இழுவை. இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிட்டால் தூக்கும் விசை போய்விடும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்தால் மீளலாம். அதற்குக் கீழே உயரம் மிச்சம் இருக்க வேண்டும். இருநூறு, முந்நூறு அடியில் ஏது மிச்சம்? பதாகையைக் கழற்றிவிட ஒரு கைப்பிடி உண்டு. தயங்காமல் இழுத்தால் பிழைப்பு. அப்புறமும் நிம்மதியில்லை: மெதுவாகப் பறந்தபடி முழு மூச்சில் உழைக்கும் எஞ்சினுக்குக் குளிர்காற்று போதாது, சூடேறும்.

இப்படியொரு விமானத்தைத் திருப்பதிக்கு மேல் நினைத்துப் பாருங்கள். ரேணிகுண்டா விமான நிலையம் சமவெளியில். திருமலையோ கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல். திருமலை அமைந்த சேஷாசல மலைத்தொடரைத் தாண்டும் பலத்த காற்று மறுபக்கம் சரிந்து இறங்கும். இழுவையோடு தள்ளாடும் விமானத்துக்கு அதை எதிர்த்து ஏறத் தெம்பிருக்காது. கழற்றிவிட்டால் பதாகை விழப்போவது மலைப்பாதையிலோ பிரம்மோற்சவக் கூட்டத்திலோதான்.

திருமலைக்கு மேல் விமானங்கள் பறக்கக் கூடாது என்று கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம், கோயில் விதிகளான ஆகமத்தைக் காட்டிக் கேட்டுவருகிறது. பதாகை விமானத்துக்கு ஆகமம்வரை போகவே வேண்டாம், காற்றும் மலையுமே போதும். விளம்பரம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ரேணிகுண்டா சாலையில் ஒரு பலகை வைத்துக்கொள்ளட்டும்.